பேட்ச் ஒட்டியும் எரிச்சல் போகவில்லை: மெனோபாஸ் வறட்சிக்கு எதைத் தேர்வது?

"சூடு குறைந்துவிட்டது. ராத்திரி வியர்த்து எழுவதில்லை. தூக்கமும் பரவாயில்லை." மெனோபாஸ் தொல்லைகளுக்காகத் தோலில் ஹார்மோன் பேட்ச் ஒட்டத் தொடங்கிய மூன்றாம் மாதம் டாக்டரிடம் நான் சொன்னது இவ்வளவுதான். சொல்லாமல் விழுங்கியது வேறு. சிறுநீர் கழித்தால் எரிந்தது. கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் உறுத்தியது. நடக்கும்போது துணி உரசினாலே கீறல் பட்ட மாதிரி இருந்தது. கணவரோடு நெருக்கம் என்பது ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப்போடும் காரியமாகிவிட்டது. ஹார்மோன்தான் எடுத்துக்கொள்கிறோமே, அப்புறம் ஏன் இப்படி என்று எனக்கே புரியவில்லை. கேட்கவும் கூச்சம். இன்னும் நாலு மாதம் கழித்துத்தான் வாய் திறந்தேன்.

அப்போது எனக்குப் புரிந்த முதல் விஷயம், உடம்புச் சூட்டுக்கு (மெனோபாஸில் திடீரென்று உடம்பெல்லாம் சூடாகி வியர்ப்பதற்கு) மருந்து தேடுவதும் பெண்ணுறுப்பின் வறட்சிக்கு மருந்து தேடுவதும் தனித்தனிக் கேள்விகள் என்பது. விடை சில சமயம் ஒன்றாக அமையும், பல சமயம் அமையாது. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்வதால் சிலர் தேவையில்லாமல் பெரிய மருந்துக்குப் போகிறார்கள். வேறு சிலர் பெரிய மருந்தின் மேலுள்ள பயத்தில் சின்ன மருந்தையும் தொடாமல் வருஷக்கணக்கில் எரிச்சலோடு காலம் தள்ளுகிறார்கள். இரண்டாவது வகைதான் அதிகம் என்று நினைக்கிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் போதுமான அளவு இருக்கும்வரை யோனியின் உட்சுவர் தடிமனாக, மடிப்பு மடிப்பாக, ஈரமாக இருக்கும். அந்தச் சுவரின் செல்களில் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு இருக்கும். அதை உண்டு லாக்டோபேசில்லஸ் என்னும் நல்ல பாக்டீரியா பிழைக்கும். லாக்டிக் அமிலத்தைச் சுரந்து அந்த இடத்தைப் புளிப்பாகவே வைத்திருக்கும். புளிப்பைக் காட்டும் பி.ஹெச். அளவு 3.5 முதல் 4.5 வரை (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்). அந்தப் புளிப்பில் வேண்டாத கிருமிகள் எளிதில் தலையெடுக்காது. மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் வற்றியதும் இந்தச் சங்கிலி ஒவ்வொரு கண்ணியாக அறுகிறது. சுவர் மெலிகிறது, ரத்த ஓட்டம் குறைகிறது, நல்ல பாக்டீரியா குறைகிறது, பி.ஹெச். 5-ஐத் தாண்டுகிறது.

சிறுநீர்த் தாரையும் சிறுநீர்ப்பையின் அடிப்பகுதியும் இதே ஈஸ்ட்ரோஜனை நம்பித்தான் இருக்கின்றன. அதனால் வறட்சி தனியாக வருவதில்லை. அடிக்கடி சிறுநீர் வருவது, அடக்க முடியாத அவசரம், திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்று எல்லாம் ஒரே கூட்டமாக வரும். முன்பு 'யோனி மெலிவு' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். சிறுநீர்த் தொல்லைகளும் அதில் அடங்கவேண்டும் என்பதால் 2014-ல் அந்தப் பெயரை மாற்றி, 'ஜெனிட்டோயூரினரி சிண்ட்ரோம் ஆஃப் மெனோபாஸ்' என்று ஆக்கினார்கள். சுருக்கமாக ஜி.எஸ்.எம். பெயர் நீளம்தான், ஆனால் பழைய பெயரில் 'மெலிந்துபோன உறுப்பு' என்று கேட்கும்போது வரும் சங்கடமாவது இதில் இல்லை.

மெனோபாஸ் கடந்த பெண்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இது ஏதோ ஓர் அளவில் இருக்கிறது. உடம்புச் சூடு பெரும்பாலானவர்களுக்குச் சில ஆண்டுகளில் தானாகத் தணிந்துவிடும். இது அப்படித் தணிவதில்லை. கவனிக்காமல் விட்டால் வயதோடு கூடவே செய்யும். "கொஞ்ச நாள் பொறுத்துக்கோ, சரியாயிடும்" என்கிற ஆறுதல் சூட்டுக்குப் பொருந்தலாம், இதற்குப் பொருந்தாது.

முதலில், இது அதுதானா?

மருந்துகளை ஒப்பிடுவதற்கு முன் ஒருமுறையாவது டாக்டர் கண்ணால் பார்க்கவேண்டும். இதை நான் வலியுறுத்தக் காரணம், அந்த இடத்தில் எரிச்சல் என்றாலே வயதின் மேல் பழியைப் போட்டுவிடுவது சுலபம்.

லைக்கன் ஸ்க்ளிரோசஸ் என்று ஒரு தோல் நோய் உண்டு. வெளித்தோல் வெள்ளை வெள்ளையாக, மெல்லிய காகிதம்போலச் சுருங்கும். ராத்திரியில் அரிப்பு உயிரை வாங்கும். இது மாதவிடாய் நின்ற வயதில் அதிகம் தென்படுவதால் பலர் வறட்சி என்றே நினைத்துவிடுவார்கள். ஈஸ்ட்ரோஜன் இதைக் குணப்படுத்தாது. வீரியமான ஸ்டீராய்டு களிம்புதான் இதற்கு மருந்து. கவனிக்காமல் விட்டால் ஒரு சிறு பங்கினருக்கு அந்தத் தோலில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் இருப்பதால் தொடர்ந்து கண்காணிக்கவேண்டிய நோய் இது.

அப்புறம் ஒவ்வாமை. வாசனைச் சோப்பு, 'அந்தரங்கச் சுத்தத்துக்கு' என்று விற்கும் திரவங்கள், ஈரத் துடைப்பான், தினமும் வைக்கும் நாப்கின், துணி துவைக்கும் சோப்புத்தூள் இவற்றில் ஏதாவது ஒன்று போதும். மெலிந்த தோலில் முன்பு ஒத்துக்கொண்டதெல்லாம் இப்போது ஒத்துக்கொள்ளாது. எரிகிறதே என்று இன்னும் அதிகமாகக் கழுவுவார்கள். கழுவக் கழுவ எரிச்சல் கூடும். வெளியே வெதுவெதுப்பான தண்ணீர் போதும், உள்ளே எதையும் விட்டுக் கழுவவே கூடாது.

பூஞ்சைத் தொற்றைப் பற்றி ஒரு வேடிக்கையான உண்மை. கேண்டிடா பூஞ்சைக்கும் ஈஸ்ட்ரோஜன் வேண்டும். அதனால் ஹார்மோன் எதுவும் எடுத்துக்கொள்ளாத, சர்க்கரை நோயும் இல்லாத, மெனோபாஸ் கடந்த பெண்ணுக்குப் பூஞ்சைத் தொற்று வருவது குறைவு. அவர் ஒவ்வொரு எரிச்சலுக்கும் கடையில் பூஞ்சைக் களிம்பு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தால், பெரும்பாலும் தவறான நோய்க்கு மருந்து போடுகிறார்.

ரத்தக் கசிவு இருந்தால் மட்டும் எந்த ஒப்பீடும் வேண்டாம், நேராக டாக்டர். மாதவிடாய் நின்று ஒரு வருஷம் ஆனபின் ஒரு சொட்டுப் பட்டாலும் சரி. பெரும்பாலும் அது மெலிந்த தோலிலிருந்து வந்த கசிவாகத்தான் இருக்கும். ஆனாலும் அப்படி வருபவர்களில் பத்துப் பேரில் ஏறக்குறைய ஒருவருக்குக் கர்ப்பப்பை உட்சுவரில் புற்றுநோய் இருக்கக்கூடும் என்பதால், பார்த்துத்தான் ஆகவேண்டும்.

ஹார்மோன் இல்லாத வழி

இங்கே இரண்டு பொருள்களை ஒன்றென்று நினைத்து ஏமாறுகிறவர்கள் அதிகம். லூப்ரிகன்ட் என்பது உடலுறவின்போது வழுக்கலுக்காகத் தடவுவது. அந்த நேரத்துக்கு மட்டும். மாய்ஸ்சரைசர் என்பது உடலுறவோடு சம்பந்தமில்லாமல், வாரத்தில் இரண்டு மூன்று நாள் தவறாமல் உள்ளே வைப்பது. சுவரில் ஒட்டிக்கொண்டு ஈரத்தைப் பிடித்துவைக்கும். பாலிகார்போஃபில் அல்லது ஹயலுரானிக் அமிலம் இருப்பவை இந்த வகை. நாள் முழுக்க உறுத்தல் என்று கஷ்டப்படுகிறவர் லூப்ரிகன்ட் வாங்கிப் பயனில்லை. மற்ற நேரமெல்லாம் சரியாக இருந்து உறவின்போது மட்டும் வலிக்கிறது என்பவருக்கு, முதலில் லூப்ரிகன்ட்டே போதுமானதாக இருக்கலாம்.

லூப்ரிகன்ட்டிலும் தண்ணீர் சார்ந்தது, சிலிகான், எண்ணெய் என்று மூன்று வகை. சிலிகான் நீண்ட நேரம் வழுக்கும், எரிச்சலும் குறைவு. எண்ணெய் வகை லேடெக்ஸ் ஆணுறையைப் பலவீனமாக்கும். தண்ணீர் சார்ந்தது எல்லாவற்றோடும் ஒத்துப்போகும், ஆனால் சீக்கிரம் காயும். அதோடு கிளிசரின், புரோபிலீன் கிளைக்கால் அதிகம் சேர்த்தவை தோலிலிருக்கும் தண்ணீரையே உறிஞ்சி எரிய வைக்கும். இந்த உறிஞ்சும் தன்மைக்கு ஆஸ்மோலாலிட்டி என்று அளவு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2012-ல் வெளியிட்ட ஆலோசனைக் குறிப்பு, அது 380-க்குக் கீழே இருப்பது நல்லது, 1,200-ஐத் தாண்டவே கூடாது என்கிறது. பி.ஹெச். 4.5 அளவில் இருக்கவேண்டும் என்றும் சொல்கிறது. டப்பாவில் இந்த எண்கள் பெரும்பாலும் இருப்பதில்லை. அதனால் 'சூடேற்றும்', 'குளிரூட்டும்', வாசனை, சுவை என்று விளம்பரம் செய்பவற்றை அப்படியே ஒதுக்கிவிடுங்கள். அதிலேயே பாதிப் பிரச்சினை தீரும்.

மாய்ஸ்சரைசரை 'சும்மா மனத்திருப்திக்கு' என்று நினைத்தேன். 2018-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு என் எண்ணத்தை மாற்றியது. 302 பெண்களை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு 10 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன் யோனி மாத்திரை, இன்னொன்றுக்கு மாய்ஸ்சரைசர் ஜெல், மூன்றாவதற்கு இரண்டுமே போலி. 12 வாரம் கழித்துப் பார்த்தால், அவரவரை அதிகம் வாட்டிய தொல்லை மூன்று பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்திருந்தது. ஈஸ்ட்ரோஜனால் பயனில்லை என்று இதைப் படிக்கக் கூடாது. போலி மருந்து என்று கொடுத்ததும் ஒரு ஜெல்தான், அதற்கே கொஞ்சம் ஈரப்பதம் உண்டு. ஈஸ்ட்ரோஜன் போலியைவிட மேல் என்று காட்டிய ஆய்வுகள் பல இருக்கின்றன. நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது, தொல்லை லேசாக இருந்தால் ஹார்மோன் இல்லாத வழியை மூன்று மாதம் ஒழுங்காகப் பார்ப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை என்பது. 'ஒழுங்காக' என்ற சொல் முக்கியம். எரியும்போது மட்டும் தடவினால் அது மாய்ஸ்சரைசரின் குற்றமாகாது.

ஒரு வரம்பும் உண்டு. மாய்ஸ்சரைசர் ஈரத்தைத் தரும். மெலிந்த சுவரைத் தடிக்க வைக்காது, நல்ல பாக்டீரியாவைத் திரும்பக் கொண்டுவராது. சிறுநீர்த் தொற்று அடிக்கடி வருகிறவருக்கு இது மட்டும் போதாது.

உள்ளூர் ஈஸ்ட்ரோஜன்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். காரணம், இத்தனை சின்ன மருந்தைச் சுற்றி இத்தனை பெரிய பயம் வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

உள்ளூர் ஈஸ்ட்ரோஜன் என்றால் யோனிக்குள்ளேயே வைக்கும் மிகக் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன். க்ரீம், மாத்திரை, வளையம் என்ற வடிவங்களில் கிடைக்கிறது. க்ரீமும் மாத்திரையும் வழக்கமாக முதல் இரண்டு வாரம் தினமும், அப்புறம் வாரம் இரண்டு முறை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். யோனிக்குள் வைக்கும் 10 மைக்ரோகிராம் எஸ்ட்ராடியால் (ஈஸ்ட்ரோஜனில் ஒரு வகை) மாத்திரை. முதல் 14 நாளில் 140 மைக்ரோகிராம். மீதி 50 வாரத்தில் வாரம் இரண்டு வீதம் 100 மாத்திரை, அதாவது 1,000 மைக்ரோகிராம். மொத்தம் 1,140, அதாவது 1.14 மில்லிகிராம். வாயால் விழுங்கும் எஸ்ட்ராடியால் மாத்திரை ஒன்றிலேயே 1 அல்லது 2 மில்லிகிராம் இருக்கும். ஒருவர் ஒரே நாளில் விழுங்குவதை இன்னொருவர் ஒரு வருஷம் முழுக்க எடுத்துக்கொள்கிறார். அதிலும் பெரும்பகுதி அந்த இடத்திலேயே வேலை செய்து முடிந்துவிடுகிறது. ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் அளவு மெனோபாஸ் கடந்தவர்களுக்கு இருக்கும் அளவிலேயே நிற்கிறது. இதனால்தான் கர்ப்பப்பை உள்ளவர்களும் இந்தக் குறைந்த டோஸுக்கு, கர்ப்பப்பை உட்சுவர் தடிக்காமல் காக்கும் புரொஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோனைச் சேர்த்து எடுக்க வேண்டியதில்லை என்று மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன.

அப்படியானால் பெட்டிக்குள்ளிருக்கும் தாளில் மாரடைப்பு, பக்கவாதம், மார்பகப் புற்றுநோய், மறதி நோய் என்று அச்சடித்திருந்தார்களே? அந்தத் தாளைப் படித்துவிட்டு மருந்தை அலமாரியிலேயே வைத்துவிட்டவர்களை எனக்குத் தெரியும். அந்த எச்சரிக்கை பிறந்தது விமென்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்ற அமெரிக்க ஆய்விலிருந்து. அதில் 16,608 பெண்களில் ஒரு பாதியினர் ஈஸ்ட்ரோஜனும் செயற்கைப் புரொஜெஸ்ட்ரோனும் கலந்த மாத்திரையைத் தினமும் விழுங்கினார்கள். சராசரி வயது 63. மார்பகப் புற்றுநோய் ஆண்டுக்குப் 10,000 பேரில் 8 பேருக்குக் கூடுதலாக வந்ததால் 2002-ல் ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள். விழுங்கும் மாத்திரைக்குக் கிடைத்த அந்த முடிவை, ஈஸ்ட்ரோஜன் என்ற பெயர் கொண்ட எல்லாவற்றின் மேலும் ஒட்டிவிட்டார்கள், யோனி மாத்திரை உட்பட. பிறகு அதே ஆய்வைச் சேர்ந்த பெண்களில் யோனி ஈஸ்ட்ரோஜன் பயன்படுத்தியவர்களைத் தனியாகப் பல ஆண்டுகள் கவனித்து 2018-ல் வெளியிட்டபோது, அவர்களிடம் மார்பகப் புற்றுநோயோ இதய நோயோ கூடுதலாக இல்லை. கடைசியில் 2025 நவம்பரில்தான் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்தக் கறுப்புக் கட்ட எச்சரிக்கைகளை நீக்கப்போவதாக அறிவித்தது. இருபத்து மூன்று ஆண்டுகள்!

சரி, மூன்று வடிவத்தில் எது? க்ரீமின் பலம், வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு போடலாம் என்பது. எரிச்சல் வாசலிலும் வெளித்தோலிலும் இருந்தால் விரல் நுனியில் எடுத்துத் தடவலாம். உள்ளே வைக்கும் மாத்திரை அங்கே அவ்வளவாக எட்டாது. பலவீனம், ஒழுகும், துணியில் படும், அளவு கூடிவிடும். சில க்ரீம்களை நிறைய எடுத்தால் ரத்தத்தில் சேர்வதும் கூடும், அதனால் 'கொஞ்சம் தாராளமாக' என்ற பேச்சே கூடாது. எஸ்ட்ரியால் க்ரீம் என்று ஒன்று உண்டு. எஸ்ட்ராடியாலைவிட மென்மையான ஈஸ்ட்ரோஜன் அது. மாத்திரை சுத்தம், அளவு மாறாது, மறக்காமல் இருக்கவேண்டியது மட்டும்தான். வளையம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும், நாளொன்றுக்கு 7.5 மைக்ரோகிராம் கசிந்துகொண்டே இருக்கும். கை மூட்டு வலி உள்ளவர்களுக்கும், வாரம் இரண்டு நாள் என்பதை மறந்துவிடுகிறவர்களுக்கும் இதுதான் வசதி. கர்ப்பப்பை இறக்கம் இருந்தால் நழுவக்கூடும். இன்னொன்று, உடம்பு முழுவதற்குமான டோஸ் தரும் வேறொரு வளையமும் இருக்கிறது; அது உள்ளூர் மருந்துக் கணக்கில் வராது. வாங்கும்போது டோஸைப் பார்க்கவேண்டும்.

வேலை செய்யும் திறனில் இந்த மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உங்கள் கைக்கும் பழக்கத்துக்கும் எது ஒத்துவருமோ அதுதான் நல்லது. சில வாரங்களில் மாற்றம் தெரியத் தொடங்கும், முழுப் பலனுக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். மூன்றாம் வாரத்தில் 'ஒன்றும் ஆகவில்லை' என்று நிறுத்திவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

சிறுநீர்த் தொற்றுக்காரர்களுக்கு ஒரு கணக்கு. 1993-ல் வெளியான ஆய்வொன்றில், அடிக்கடி தொற்று வந்த 93 பெண்களில் எஸ்ட்ரியால் க்ரீம் வைத்தவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரி 0.5 முறைதான் தொற்று வந்தது. போலிக் க்ரீம் வைத்தவர்களுக்கு 5.9 முறை. விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை இந்த விஷயத்தில் உதவுவதில்லை என்பதையும் இதோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள். சின்ன மருந்து செய்வதைப் பெரிய மருந்து செய்யாத இடம் இது.

உடம்பு முழுவதற்குமான ஹெச்.ஆர்.டி.

ஹெச்.ஆர்.டி. என்பது குறைந்துபோன ஹார்மோனை மாத்திரை, பேட்ச், ஜெல் வழியாக உடம்பு முழுவதற்கும் ஈடுசெய்யும் சிகிச்சை. வறட்சிக்காக மட்டும் இதற்குப் போகவேண்டியதில்லை. இது என் கருத்து மட்டுமில்லை, வழிகாட்டிகளும் இதைத்தான் சொல்கின்றன. உடம்புச் சூடு, ராத்திரி வியர்வை, தூக்கமின்மை எல்லாம் வாழ்க்கையைக் கெடுக்கும் அளவுக்கு இருந்தால், கூடவே எலும்பையும் காக்கவேண்டும் என்றால், அப்போது ஹெச்.ஆர்.டி. பொருத்தமானது. 60 வயதுக்குள்ளோ, மாதவிடாய் நின்று பத்து ஆண்டுக்குள்ளோ தொடங்குபவர்களுக்கு நன்மை தீமைக் கணக்கு சாதகமாக இருக்கும். பேட்ச்சும் ஜெல்லும் கல்லீரல் வழியாகப் போகாமல் தோல் வழியே நேராக ரத்தத்தில் சேர்வதால், ரத்தம் உறையும் அபாயம் விழுங்கும் மாத்திரையைவிடக் குறைவு. கர்ப்பப்பை இருந்தால் புரொஜெஸ்ட்ரோனும் கட்டாயம் சேரவேண்டும். ஈஸ்ட்ரோஜன் மட்டும் போனால் கர்ப்பப்பை உட்சுவர் தடித்துப் புற்றுநோய் வரை போகலாம்.

ஹெச்.ஆர்.டி. எடுப்பவர்கள் பலருக்கு அதிலேயே வறட்சியும் சரியாகிவிடும். ஆனால் நூற்றுக்குப் 10 முதல் 25 பேருக்கு அது போதுவதில்லை. நான் அந்த வரிசையில் நின்றேன். இப்படிப்பட்ட நேரத்தில் பேட்ச்சின் அளவைக் கூட்டுவதைவிட, பேட்ச்சை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளூர் ஈஸ்ட்ரோஜனைச் சேர்ப்பதுதான் புத்திசாலித்தனம். இரண்டும் ஒன்றாக எடுக்கலாமா என்று நான் பயந்தேன். தாராளமாக எடுக்கலாம், மேலே போட்ட 1.14 மில்லிகிராம் கணக்கை நினைத்துப் பார்த்தாலே பயம் தெளியும்.

மருந்தே எரிந்தால்?

யாரும் முன்கூட்டிச் சொல்லாத பகுதி இது. எனக்கு முதலில் எழுதிக்கொடுத்தது க்ரீம். முதல் ராத்திரி மிளகாய் பட்ட மாதிரி எரிந்தது. 'ஈஸ்ட்ரோஜன் ஒத்துக்கொள்ளவில்லை' என்று முடிவுகட்டி மூன்றாம் நாளே தூக்கிப் போட்டேன். தவறு.

எரிவதற்குக் காரணம் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜனாக இருக்காது. மெலிந்து வெடித்த தோலில் எதை வைத்தாலும் முதல் ஓரிரு வாரம் கடுக்கும். தோல் தேறத் தேற அது குறையும். இல்லாவிட்டால் க்ரீமின் அடிப்பொருளில் இருக்கும் புரோபிலீன் கிளைக்காலோ கெடாமல் காக்கும் ரசாயனமோ காரணமாக இருக்கும். அப்படியானால் அடிப்பொருள் மாறவேண்டும்: மாத்திரை அல்லது வளையத்துக்குப் போகலாம், வேறு க்ரீமையும் பார்க்கலாம். சில டாக்டர்கள் முதலில் சில வாரம் மாய்ஸ்சரைசர் வைக்கச் சொல்லி, தோல் கொஞ்சம் ஆறியபின் ஈஸ்ட்ரோஜனைத் தொடங்குவார்கள்.

சில வாரம் நன்றாக இருந்து, திடீரென்று அரிப்பும் தயிர்போல வெள்ளையும் வந்தால் பூஞ்சையைச் சந்தேகிக்கவேண்டும். ஈஸ்ட்ரோஜன் வந்ததும் கிளைக்கோஜன் திரும்பும், அதோடு கேண்டிடாவும் திரும்பும். பூஞ்சைக்கு மருந்து எடுத்துவிட்டு ஈஸ்ட்ரோஜனைத் தொடரலாம். வெறும் நிறமற்ற ஈரம் கூடினால் அது நல்ல அறிகுறிதான். இத்தனை வருஷம் வறண்டிருந்தவர்களுக்கு அதுவே நோய்போலத் தோன்றும். புரொஜெஸ்ட்ரோனை யோனி வழியாக வைப்பவர்களுக்கு அந்த கேப்ஸ்யூலின் கசிவாலும் எரியலாம். வாய் வழியாக மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்கலாம்.

இன்னொரு எரிச்சல் மருந்தால் தீராது. மாதக்கணக்கில் வலித்த உறுப்பு, வலி வரப்போகிறது என்று முன்கூட்டியே இறுகிக்கொள்ளும். தோல் தேறியபின்னும் இடுப்புத்தளத் தசை இறுக்கத்தை விடாது. உறவின்போது 'சுவரில் முட்டுவது போல' இருக்கிறது என்று சொல்பவர்களுக்கு இதுதான் காரணமாக இருக்கலாம். இதற்குப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் வேண்டும். தசையைத் தளர்த்தக் கற்றுத்தருவார்கள், யோனியை மெல்ல விரியப் பழக்கும், படிப்படியாக அளவு கூடும் டைலேட்டர் என்ற குழாய்களும் உதவும். கீகல் பயிற்சி என்று நீங்களாகவே இறுக்கி இறுக்கிப் பழகினால் இந்த நிலைமை இன்னும் மோசமாகலாம்.

மற்றவை

பிராஸ்டரோன் என்பது தினமும் படுக்கும்போது உள்ளே வைக்கும் 6.5 மில்லிகிராம் மருந்து. டி.ஹெச்.இ.ஏ. என்ற ஹார்மோன்தான் அது. யோனிச் செல்களுக்குள் போய் ஈஸ்ட்ரோஜனாகவும் ஆண் ஹார்மோனாகவும் மாறும். தினமும் வைக்கவேண்டும் என்பதுதான் குறை. ஆஸ்பெமிஃபீன் விழுங்கும் மாத்திரை, தினம் 60 மில்லிகிராம். உள்ளே எதையும் வைக்கவே முடியாது அல்லது விருப்பமில்லை என்பவர்களுக்கு ஒரு வழி. ஆனால் இது உடம்புச் சூட்டைக் கூட்டக்கூடும், ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களுக்கு ஆகாது.

லேசர் பற்றி நான் கடுமையாகவே சொல்வேன். 'யோனியைப் புதுப்பிக்கிறோம்' என்ற விளம்பரங்கள் பரவியபோது, 2018-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தீக்காயம், தழும்பு, தீராத வலி பற்றி எச்சரித்தது. 2021-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் ஒரு பாதியினருக்கு நிஜ லேசர், மறுபாதிக்கு லேசர் பாயாத போலிச் சிகிச்சை கொடுத்து ஒரு வருஷம் கழித்துப் பார்த்தார்கள். இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. பணம் உங்களுடையது, தோலும் உங்களுடையது.

மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள்

இவர்களுக்குக் கணக்கு வேறு. முதலில் ஹார்மோன் இல்லாத வழிதான்: மாய்ஸ்சரைசர், சிலிகான் லூப்ரிகன்ட், இடுப்புத்தளப் பயிற்சி. அது போதாவிட்டால் புற்றுநோய் டாக்டரோடு பேசித்தான் உள்ளூர் ஈஸ்ட்ரோஜன். அங்கே கேட்கவேண்டிய கேள்வி, 'நான் எடுத்துக்கொள்ளும் புற்றுநோய் மாத்திரை எது' என்பது. அரோமடேஸ் தடுப்பான்கள் என்ற மாத்திரைகள் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியையே நிறுத்தி வேலை செய்பவை. அங்கே துளி ஈஸ்ட்ரோஜனும் யோசிக்கவேண்டிய விஷயம். 2022-ல் வெளியான ஒரு டென்மார்க் ஆய்வில் யோனி ஈஸ்ட்ரோஜன் எடுத்தவர்களுக்குப் பொதுவாகப் புற்றுநோய் திரும்புவது கூடவில்லை, ஆனால் அரோமடேஸ் தடுப்பானோடு சேர்த்து எடுத்தவர்களிடம் கூடியிருந்தது. இறப்பு கூடவில்லை. டாமோக்சிஃபென் என்ற வேறு வகைப் புற்றுநோய் மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. தானாக முடிவெடுக்கிற இடம் இது இல்லை. ஆனால் 'உங்களுக்குப் புற்றுநோய் வந்ததால் எதுவுமே செய்ய முடியாது' என்று யாராவது ஒரே வரியில் முடித்தால், அதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

நான் எடுத்த முடிவு

என்னைவிடப் பத்து வயது சின்னவள் ஒருத்தி, "அக்கா, நீங்க என்ன எடுத்துக்கிறீங்க?" என்று நேராகவே கேட்டாள். அவளுக்குச் சூடு கிடையாது, சிறுநீர்த் தொற்று கிடையாது, உறவின்போது மட்டும் வலி. அவளுக்கு என் மருந்து எதற்கு? சிலிகான் லூப்ரிகன்ட்டும் மாய்ஸ்சரைசரும் மூன்று மாதம் பார்த்துவிட்டு, போதாவிட்டால் உள்ளூர் ஈஸ்ட்ரோஜன் என்று அவள் டாக்டர் சொன்னார். எனக்குச் சரியாகவே பட்டது. அவளுக்கு ஆண்டுக்கு நாலு முறை சிறுநீர்த் தொற்று வந்திருந்தால், மாய்ஸ்சரைசரில் நேரம் கடத்தாமல் முதலிலேயே ஈஸ்ட்ரோஜனைக் கேட்கச் சொல்லியிருப்பேன்.

நான் க்ரீமை விட்டுவிட்டு மாத்திரைக்கு மாறினேன். ஐந்தாவது வாரம்தான் உட்கார்ந்து எழும்போது உறுத்தல் இல்லை என்பதைக் கவனித்தேன். மூன்றாம் மாதம் சிறுநீர் எரிச்சலும் போனது. நன்றாகிவிட்டதே என்று இடையில் இரண்டு மாதம் நிறுத்திப் பார்த்தேன். எல்லாம் திரும்பி வந்தது. நிறுத்தினால் திரும்பும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், நான்தான் கேட்கவில்லை. இப்போது பேட்ச் அதே பழைய அளவில் இருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் ராத்திரி ஒரு சின்ன மாத்திரை.